சோலார் மானியம் என்று வாசலுக்கு வருபவர்களிடம் உஷார்

வீட்டு சோலாருக்கு மத்திய அரசு மானியம் தரும் பி.எம். சூர்ய கர் திட்டத்தில் மாடியில் சோலார் போடலாம் என்று யோசிப்பவர்களுக்காக இந்தப் பதிவு. திட்டத்தின் மேல் எனக்குக் கோபமில்லை. அதன் பெயரை அட்டையில் அச்சடித்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு தெருத்தெருவாக வருகிறார்களே, அவர்கள் மேல்தான்.

விருதுநகர் பக்கம் அம்மா தனியாக இருக்கிறார். சோலார் கம்பெனி ஆள் ஒருவர் வந்து, "இந்த ஏரியா எங்களுக்குத்தான் அலாட் ஆகியிருக்கும்மா. மானியம் இந்த மாசத்தோட முடியுது. முன்னூறு யூனிட் கவர்மெண்டே ஃப்ரீயா தருது" என்றிருக்கிறார். மூன்று வாக்கியம், மூன்றும் பொய். எந்த ஏரியாவும் யாருக்கும் ஒதுக்கப்படவில்லை. திட்டத்தின் தேசிய இணையதளத்தில் பதிவு பெற்ற நிறுவனங்களின் பட்டியல் இருக்கிறது, அதில் யாரை வேண்டுமானாலும் நாமே தேர்ந்தெடுக்கலாம். 2024 பிப்ரவரியில், ஒரு கோடி வீடுகளுக்கு என்று சொல்லி 75,021 கோடி ரூபாயில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த திட்டம் இது. காலம் 2026-27 நிதியாண்டு வரை. அந்த 300 யூனிட்டும் அரசு சும்மா தருவதல்ல. 3 கிலோவாட் பேனல் ஒழுங்காக வேலை செய்தால் மாதத்துக்கு ஏறக்குறைய அவ்வளவு நம் மாடியிலேயே உற்பத்தியாகும், அவ்வளவுதான்.

மானியக் கணக்கு எளிது. முதல் 2 கிலோவாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 30,000, மூன்றாவதற்கு 18,000. ஆக 3 கிலோவாட்டுக்கு 78,000. அதற்கு மேல் எவ்வளவு பெரிதாகப் போட்டாலும் அதே 78,000தான். நாம் முழுப் பணத்தையும் கட்டி, வேலை முடிந்து, நெட் மீட்டர் (உள்ளே வரும் கரண்டையும் வெளியே போவதையும் தனித்தனியாக அளக்கும் மீட்டர்) மாட்டி, மின்வாரியம் சோதித்துச் சான்று கொடுத்த பிறகு, நம் வங்கிக் கணக்குக்கே நேராக வரும். எனவே மானியம் வந்தே தீரும் என்று கம்பெனிக்காரர் வாயால் கொடுக்கும் உத்தரவாதத்துக்கு மதிப்பு கிடையாது. அவர் எதைப் போட்டார், எப்படிப் போட்டார் என்பதில்தான் அது வருவதும் வராததும் இருக்கிறது.

அம்மா அந்த ஆளை நம்பிப் போட்டுவிட்டார். ஆனால் வீட்டில் மாட்டியது டிசிஆர் (உள்நாட்டுத் தயாரிப்பு விதிக்கு உட்பட்ட) பேனல் இல்லை. பலருக்கு இது என்னவென்றே தெரியாது, அவர்கள் பிழைப்பதும் அதை வைத்துத்தான். மானியம் வேண்டுமானால் பேனல் மட்டும் இந்தியாவில் செய்ததாக இருந்தால் போதாது, உள்ளே இருக்கும் செல்லும் இங்கே செய்ததாக இருக்க வேண்டும். வெளிநாட்டு செல்லை வாங்கி இங்கே கோத்துக் கண்ணாடி போட்டால் அதுவும் 'மேட் இன் இந்தியா'தான், ஆனால் டிசிஆர் ஆகாது. விலை குறைவு என்பதால் அதை மாட்டிவிட்டு டிசிஆர் விலையை வாங்கிக்கொள்கிறார்கள். என் மச்சான் எலக்ட்ரீஷியன். மாடிக்குப் போய் பேனலுக்கு அடியில் மல்லாந்து படுத்து, பின்பக்க லேபிளில் இருந்த சீரியல் எண்களைப் படம் எடுத்து வந்தான். கம்பெனி கொடுத்த டிசிஆர் சான்றின் ஜெராக்ஸில் இருந்த எண்கள் வேறு. ஒன்றுகூடப் பொருந்தவில்லை. பில்லைப் பார்த்தால் 'சோலார் சிஸ்டம் - 1' என்று ஒரே வரி. பேனல் எந்தக் கம்பெனி, எத்தனை வாட், பேனல் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் இன்வெர்ட்டர் என்ன மாடல், ஒன்றும் கிடையாது.

அடுத்தது விண்ணப்பம். அம்மாவின் ஆதாரையும் பழைய கரண்ட் பில்லையும் போட்டோ எடுத்துக்கொண்டு போய், தளத்தில் தங்கள் அலுவலகப் பையனின் செல்போன் எண்ணைக் கொடுத்துப் பதிந்திருக்கிறார்கள். விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்க நாங்கள் உள்ளே போக முயன்றால் ஓடிபி அவனுக்குப் போகிறது! போதாக்குறைக்கு மின் இணைப்பு இன்னும் காலமான அப்பா பெயரில் இருக்கிறது. மானியம் போக வேண்டிய கணக்கோ அம்மாவுடையது. "பேர் மாத்தணுமா தம்பி?" என்று அம்மா கேட்டதற்கு, "அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம்மா" என்று சொல்லியிருக்கிறார். மின் இணைப்பின் பெயரும் வங்கிக் கணக்கின் பெயரும் ஒத்துப்போகாவிட்டால் பணம் வராது. பெயர் மாற்றம் செய்துவிட்டு விண்ணப்பிப்பதுதான் முறை, அது அந்த ஆளுக்கும் தெரியும்.

எனக்கு வயிறு எரிந்தது பில் வந்தபோதுதான். நெட் மீட்டர் வருவதற்கு முன்பே, "சும்மா கிடப்பானேன், ஓடட்டும்" என்று சிஸ்டத்தை ஆன் செய்துவிட்டுப் போயிருக்கிறார்கள். சாதாரண டிஜிட்டல் மீட்டர்களில் பலவற்றுக்குத் திசை தெரியாது. வீட்டுக்குள் வரும் கரண்டையும் கூட்டும், நாம் வெளியே அனுப்புவதையும் கூட்டும். பகலில் அம்மா ஒரு ஃபேன் மட்டும் போட்டு உட்கார்ந்திருக்க, மீதி அத்தனையும் லைனுக்குப் போய், அதற்கும் சேர்த்து பில்! சோலார் போட்ட பிறகு ரெண்டு மாதக் கட்டணம் முன்பைவிட அதிகம். இதைச் சொன்னால் தெருவில் சிரிக்கிறார்கள்.

கரண்ட் போனாலும் வீட்டில் கரண்ட் இருக்கும் என்றும் சொல்லியிருந்தார்கள். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலையிலிருந்து மின்தடை என்று வாரியம் அறிவித்த நாள், வெயில் கொளுத்துகிறது, மிக்ஸி ஓடவில்லை. இன்வெர்ட்டரில் சிவப்பு விளக்கு. பேட்டரி இல்லாமல் வாரிய லைனோடு இணைந்து ஓடும் ஆன்-கிரிட் சிஸ்டம் அப்படித்தான் இருக்கும், இருக்கவும் வேண்டும். லைனில் கரண்ட் இல்லையென்றால் இன்வெர்ட்டர் தானாக நின்றுவிடும். இல்லாவிட்டால் கம்பத்தில் ஏறி வேலை செய்யும் லைன்மேனுக்கு நம் வீட்டுக் கரண்ட் ஷாக் அடிக்கும். கருவியில் கோளாறு இல்லை, விற்றவர் வாயில்தான்.

தண்ணீர்த் தொட்டிக்கு ஒட்டினாற்போல மேற்கே பேனலை வைத்ததில், காலை முழுக்க ரெண்டு பேனலில் தொட்டியின் நிழல். வரிசையாகக் கோத்திருப்பதால் அது மற்ற பேனல்களின் உற்பத்தியையும் குறைக்கிறது. எர்த்திங் பற்றி மச்சான் சொன்னதை இங்கே எழுத முடியாது.

போடப் போகிறவர்கள் தளத்தில் உங்கள் செல்போன் எண்ணை வைத்து நீங்களே பதியுங்கள். விண்ணப்பிக்கக் கட்டணம் கிடையாது, கேட்டால் அது போலித் தளம். பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழையுங்கள். ஒப்பந்தத்தில் பேனல், இன்வெர்ட்டர் மாடல்களும், ஐந்து வருடப் பராமரிப்பும் எழுத்தில் இருக்கட்டும். மாட்டும் அன்றே சீரியல் எண்களைச் சான்றோடு ஒப்பிடுங்கள். கடைசித் தவணையை நெட் மீட்டர் ஓடிய பிறகு கொடுங்கள், அதற்கு முன் சிஸ்டத்தை ஆன் செய்ய விடாதீர்கள். இன்னொன்று, ரெண்டு மாதத்துக்கு 200 யூனிட்டுகூட ஓடாத வீடு என்றால், முதல் 100 யூனிட் ஏற்கெனவே இலவசமாக இருக்கும் நம் ஊரில் போட்ட பணம் திரும்ப ரொம்ப வருடம் ஆகும். யார் ஆசை காட்டினாலும் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

நாங்கள் நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்தோம், அப்புறம் வக்கீல் நோட்டீஸ் அனுப்பினோம். அதுவரை போனை எடுக்காதவர்கள் இப்போது பேனலை மாற்றித் தருகிறோம் என்று வருகிறார்கள். புதிய பேனல்களின் எண்களோடு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால்தான் மாடிப்படி ஏற விடுவேன் என்று அம்மா சொல்லிவிட்டார். கொடுக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு. 5 லட்சம் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது. மனு தயாராக இருக்கிறது.