மில்லுக்குப் போகும் பெட்டியும் யோக்டோ எஸ்டிகேயும்: ஒன்றரை ஆண்டு அனுபவம்

"அக்கா, என் லேப்டாப்ல நல்லா கம்பைல் ஆகுதுங்க. போர்டுல ஏத்துனா ஓடவே மாட்டேங்குது."

வேலைக்குச் சேர்ந்து பத்து நாள்கூட ஆகாத தம்பி ஒருவர் 2024-இல் என்னிடம் வந்து சொன்னது இது. திரையைப் பார்த்தேன். பெரும்பாலான லினக்ஸ் நிரல்கள் சார்ந்திருக்கும் அடிப்படை சி லைப்ரரியான ஜிலிப்சியின் 2.38 பதிப்பு கிடைக்கவில்லை என்று ஒரே ஒரு வரி. அந்த வரியால்தான் நாங்கள் யோக்டோ எஸ்டிகேக்கு மாறினோம். யோக்டோ என்பது நமக்கு வேண்டிய லினக்ஸை நாமே கட்டிக்கொள்ள உதவும் கருவித்தொகுப்பு; அந்த லினக்ஸுக்கான நிரல்களை நம் கணினியில் கம்பைல் செய்ய அது தரும் தொகுப்புதான் எஸ்டிகே. அன்றிலிருந்து அதைத் தினமும் பயன்படுத்துகிறேன். புதிதாக எம்பெடட் லினக்ஸுக்குள் (கருவிகளுக்குள் ஓடும் லினக்ஸ்) வருகிறவர்களுக்கு உதவட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

கோவை பீளமேட்டில் எங்களுடையது நான்கு பேர் வேலை செய்யும் சின்ன இடம். நூற்பாலைகளில் உள்ள மின்மீட்டர்களை ஆர்எஸ்-485 கம்பி வழியாக மாட்பஸ் என்ற நெறிமுறையில் படித்து, எஸ்க்யூலைட் தரவுத்தளத்தில் சேமித்து, மேலாளரின் கணினிக்கு அனுப்பும் பெட்டி எங்கள் பொருள். உள்ளே இருப்பது பீகிள்போன் பிளாக் என்ற சின்ன கணினிப் போர்டு: 1 கிகாஹெர்ட்ஸ் கார்டெக்ஸ்-ஏ8 என்ற ஆர்ம் பிராசஸர், 512 எம்பி ராம். அதில் ஓடும் லினக்ஸை யோக்டோவின் 4.0 வெளியீடான கிர்க்ஸ்டோனில் நாங்களே கட்டுகிறோம். 2022 ஏப்ரலில் வந்த நீண்டகால ஆதரவு வெளியீடு அது.

அதுவரை அப்ளிகேஷனை எப்படிக் கம்பைல் செய்தோம் என்றால், உபுண்டுவின் ஆர்ம் கிராஸ் கம்பைலரை (நம் கணினியில் ஓடி, ஆர்ம் போர்டுக்கு நிரல் தருவது) போட்டுக்கொண்டோம். போர்டிலிருந்து லைப்ரரிகளை ஒரு ஃபோல்டருக்கு நகலெடுத்து, அதைக் காட்டி லிங்க் செய்தோம். இரண்டு ஆண்டு இப்படியே ஓடியது. ஏன் ஓடியது என்பது தம்பியின் லேப்டாப்பைப் பார்த்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. எங்கள் கணினிகளில் இருந்தது உபுண்டு 22.04, அதன் ஜிலிப்சி 2.35. கிர்க்ஸ்டோனின் ஜிலிப்சியும் 2.35. இரண்டும் ஒன்றாக இருந்தது தற்செயல். தம்பியுடையது உபுண்டு 24.04, ஜிலிப்சி 2.39. எங்கள் சி++ நிரலில் எண்களைப் படிக்க எஸ்டிஆர்டோல் என்ற பழைய ஃபங்ஷனை அழைத்திருந்தோம். ஜிலிப்சி 2.38 முதல் அதன் ஹெடர் ஃபைல்கள் (ஃபங்ஷன்களின் அறிவிப்புகள் உள்ளவை) அந்த அழைப்பைப் புதுப் பெயருள்ள வேறொரு ஃபங்ஷனுக்குத் திருப்பிவிடுகின்றன. போர்டில் இருக்கும் 2.35-இல் அந்தப் பெயரே கிடையாது. நிரலில் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை. லேப்டாப் மாறியதே போதுமாக இருந்தது.

மில்லில் பொருத்திய பிறகு இது நடந்திருந்தால்? இரவு ஷிஃப்டில் பெட்டி நின்றுபோனால் மறுநாள் காலை மின்கணக்கு இருக்காது. அன்று மதியமே எஸ்டிகே கட்ட உட்கார்ந்தேன்.

கட்டுவது ஒரே கட்டளை. எந்த இமேஜை (முழு லினக்ஸும் அடங்கிய கோப்பு) போர்டில் ஏற்றுகிறோமோ அதே இமேஜின் பெயரைக் கொடுத்து, பாப்புலேட் எஸ்டிகே என்ற வேலையைச் செய்யும்படி யோக்டோவின் பில்ட் கருவியான பிட்பேக்கிடம் சொன்னால் போதும். பலர் இங்கே மெட்டா-டூல்செயின் என்ற பொதுவான இலக்கைக் கட்டிவிடுகிறார்கள். கம்பைலரும் அடிப்படை லைப்ரரிகளும் அதில் வரும். ஆனால் உங்கள் இமேஜில் நீங்கள் சேர்த்த லிப்மாட்பஸ், எஸ்க்யூலைட், மஸ்கீட்டோ போன்ற லைப்ரரிகள் எதுவும் வராது. இமேஜின் பெயரில் கட்டினால், இமேஜில் இருக்கும் ஒவ்வொரு லைப்ரரிக்கும் அதே பதிப்பின் ஹெடர் ஃபைல்கள் வந்து சேரும். எஸ்டிகேயின் அருமையே இதுதான்.

எங்கள் 8 கோர் கணினியில் இமேஜ் ஏற்கெனவே கட்டப்பட்டிருந்ததால், எஸ்டிகேக்குக் கூடுதலாக ஆனது முக்கால் மணி நேரம். வெறும் வட்டிலிருந்து தொடங்கினால் அரை நாளை ஒதுக்கிவிடுங்கள். வட்டில் 100 ஜிபியாவது காலியாக இருக்கட்டும். முடிவில் கிடைப்பது ஒரே ஒரு ஷெல் ஸ்கிரிப்ட். கம்பைலர், டீபக்கர் (பிழை தேடும் கருவி), போர்டின் ஃபைல் அமைப்பு எல்லாம் அதற்குள் சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். எங்களுடையது அரை ஜிபிக்குச் சற்றுக் குறைவு. பென்டிரைவில் போட்டுத் தம்பியிடம் கொடுத்தேன். அவர் யோக்டோ கட்ட வேண்டியதில்லை, பிட்பேக் தெரிந்திருக்கவும் வேண்டியதில்லை.

ஸ்கிரிப்டை ஓட்டினால் எங்கே நிறுவ வேண்டும் என்று கேட்கும். ஆப்ட் ஃபோல்டருக்குள் ஒரு இடத்தை அதுவே முன்மொழியும். அதை ஏற்காமல் ஹோம் ஃபோல்டருக்குள்ளேயே ஒரு இடம் கொடுங்கள் என்பேன். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். பாதையில் இடைவெளி இருக்கக் கூடாது. நான்கே நிமிடத்தில் முடிந்தது. நிறுவிய பின் ஃபோல்டரை வேறு இடத்துக்கு இழுத்துப் போடாதீர்கள். நிறுவும்போதே உள்ளிருக்கும் நிரல்கள் ஒவ்வொன்றிலும் அந்த முழுப் பாதையும் பதிக்கப்படுகிறது. இடம் மாற்ற வேண்டுமென்றால் ஸ்கிரிப்டை மறுபடி ஓட்டுவதே சரி.

தம்பியின் 24.04-இல் இது ஓடுமா என்று எனக்குச் சந்தேகம் இருந்தது, ஏனென்றால் கட்டியது 22.04-இல். தடங்கலே இல்லை. எஸ்டிகேக்குள் இருக்கும் கம்பைலர் லேப்டாப்பின் ஜிலிப்சியைத் தொடுவதில்லை. தனக்கு வேண்டிய ஜிலிப்சியையும் லோடரையும் தானே கொண்டுவருகிறது. எங்கள் நான்கு பேரிடமும் மூன்று விதமான லினக்ஸ் இருக்கிறது. நான்கிலும் ஒரே கம்பைலர், ஒரே விளைவு.

பயன்படுத்தும்போது புதியவர்கள் தடுக்கி விழும் இடங்கள் சில உண்டு. நிறுவிய ஃபோல்டரில் 'என்விரான்மென்ட்-செட்டப்' என்று தொடங்கும் ஒரு கோப்பு இருக்கும். ஒவ்வொரு புது டெர்மினலிலும் அதை சோர்ஸ் செய்ய (அதிலுள்ள மாறிகளை அந்த டெர்மினலுக்குள் ஏற்ற) வேண்டும். தினமும் செய்வானேன் என்று தம்பி அதை, டெர்மினல் திறக்கும்போதெல்லாம் தானாக ஓடும் பேஷ்ஆர்சிக்குள் எழுதிவிட்டார். மறுநாள் லேப்டாப்பிலேயே ஓட வேண்டிய சோதனை நிரல்களும் ஆர்முக்குக் கம்பைல் ஆகி, ஓட மறுத்தன. போர்டு வேலைக்கு ஒரு டெர்மினல், மற்றதற்கு வேறொன்று என்று வைத்துக்கொள்வதே நல்லது.

அடுத்தது, கம்பைலரை நேராகப் பெயர் சொல்லி அழைப்பது. யோக்டோவின் ஆர்ம் கம்பைலர் பெயரில், தசமக் கணக்கை வன்பொருளே செய்யும் ஹார்டு ஃப்ளோட்டைக் குறிக்கும் எச்எஃப் இருக்காது. எந்தப் பிராசஸர், ஹார்டு ஃப்ளோட்டா, சிஸ்ரூட் (போர்டின் ஃபைல் அமைப்பின் நகல்) எங்கே என்ற விவரமெல்லாம் சிசி என்ற மாறிக்குள்தான் இருக்கிறது. மேக்ஃபைலில் கம்பைலரின் பெயரை மட்டும் எழுதினால் எஸ்டிடிஐஓ ஹெடரே இல்லை என்று வரும். சிஸ்ரூட்டை மட்டும் சேர்த்தால் ஸ்டப்ஸ்-சாஃப்ட் என்ற ஹெடர் இல்லை என்று வரும். அந்தக் கோப்பைத் தேடி இணையத்தில் அலைய வேண்டாம். சாஃப்ட் ஃப்ளோட் என்று கம்பைலர் தவறாக நினைத்துக்கொண்டதற்கான அடையாளம் அது. மேக்ஃபைலில் சிசிக்கு மதிப்பு கொடுக்கும் வரியை நீக்கி, சூழலில் இருப்பதை எடுத்துக்கொள்ள விட்டால் தீர்ந்தது. சிமேக் என்ற பில்ட் கருவியைப் பயன்படுத்துவோர் பழைய பில்ட் ஃபோல்டரை முதலில் அழித்துவிடுங்கள். முன்பு கண்டுபிடித்த லேப்டாப் கம்பைலரையே அது நினைவில் வைத்துக்கொண்டிருக்கும்.

இன்னொரு சம்பவம். என் கணினியில் ஒருநாள் அந்த செட்டப் ஸ்கிரிப்ட் தன் வேலையைச் செய்ய மறுத்தது. எல்டி லைப்ரரி பாத் என்ற மாறி ஏற்கெனவே அமைக்கப்பட்டிருந்ததுதான் காரணம். ஒரு அளவீட்டுக் கருவியின் மென்பொருளை நிறுவியபோது அது வந்து உட்கார்ந்திருந்தது. எனக்குப் பிடித்தது அந்த எச்சரிக்கையின் சொற்கள். அந்த மாறியை நீக்கிவிடு என்பதோடு நிற்காமல், அது ஏன் அமைக்கப்பட்டது என்று முதலில் பார் என்றும் சொல்கிறது. பார்த்தேன், காரணம் கிடைத்தது. இதை எழுதியவர் யாரோ, இப்படி ஒரு மதியத்தைத் தானும் தொலைத்தவராகத்தான் இருக்க வேண்டும்.

லினக்ஸின் மையமான கர்னலுக்குள் ஏற்றும் மாட்யூல் எழுதுகிறவர்களுக்கு வேலை கொஞ்சம் அதிகம். கர்னலின் சோர்ஸ் (மூலநிரல்) எஸ்டிகேயில் தானாக வராது. கர்னல்-டெவ்சோர்ஸ் என்ற பேக்கேஜை எஸ்டிகேயின் டார்கெட் பட்டியலில் நாமே சேர்த்துக் கட்ட வேண்டும். பிறகு அந்த சோர்ஸ் ஃபோல்டருக்குள் போய் மாட்யூல்ஸ்-பிரிப்பேர் ஓட்ட வேண்டும். அது அங்கேயே கோப்புகளை எழுதும். எஸ்டிகே ஆப்ட் ஃபோல்டரில் இருந்தால் இதற்கு சூடோ (நிர்வாகி அனுமதி) வேண்டும், சூடோ போட்டால் நாம் சோர்ஸ் செய்த மாறிகள் எல்லாம் உதிர்ந்துவிடும். ஹோம் ஃபோல்டரில் நிறுவுங்கள் என்று முன்பு சொன்னது இதற்காகத்தான். அத்தோடு, எல்டிஃப்ளாக்ஸ் மாறியை நீக்கிவிட்டுத் தொடங்குங்கள். அப்ளிகேஷனுக்கு ஏற்ற லிங்கர் விருப்பங்கள் அதில் இருக்கின்றன. கர்னல் லிங்கரை நேராக அழைப்பதால் அவை புரியாமல் அது நின்றுவிடும். இந்த ஒரு வரி தெரியாமல் இரண்டு நாள் போனது எனக்கு.

டீபக் செய்வதில்தான் நான் மனம் நிறைந்தேன். கிர்க்ஸ்டோனில் எஸ்டிகே இயல்பாகவே டீபக் தகவலோடும் சோர்ஸோடும் வருகிறது. ஒரு மில்லில் மட்டும் மீட்டர் பதில்கள் அவ்வப்போது விட்டுப்போயின. போர்டில் ஜிடிபி-சர்வரை ஓட்டி, லேப்டாப்பில் எஸ்டிகேயின் டீபக்கரான ஜிடிபிக்கு சிஸ்ரூட்டைக் காட்டி இணைத்தேன். எங்கள் நிரலிலிருந்து லிப்மாட்பஸுக்குள்ளேயே ஒவ்வொரு வரியாக இறங்கிப் போக முடிந்தது. பதிலின் அடுத்த பைட்டுக்காகக் காத்திருக்கும் நேரம் அந்தப் பழைய மீட்டருக்குப் போதவில்லை என்று கண்ணெதிரே தெரிந்தது. அந்த நேரத்தைக் கூட்டினோம், சரியானது. போர்டில் பிரிண்ட் வரிகளைப் போட்டுப் போட்டுப் பார்த்திருந்தால் ஒரு வாரம் ஆகியிருக்கும்.

இதே யோக்டோவில் எக்ஸ்டென்சிபிள் எஸ்டிகே என்று ஒன்றும் உண்டு. டெவ்டூல் என்ற கருவி அதனுடன் வரும். இமேஜில் இருக்கும் ஒரு பேக்கேஜைத் திருத்தலாம், புது ரெசிபி (ஒரு பேக்கேஜைக் கட்டும் செய்முறைக் கோப்பு) சேர்க்கலாம், கம்பைல் செய்ததை ஒரே கட்டளையில் போர்டுக்கு அனுப்பலாம். ரெசிபிகளில் கை வைக்கிறவர்களுக்கு நல்ல பொருள். ஒரு மாதம் வைத்துப் பார்த்தேன். அளவில் பல மடங்கு பெரியது, நிறுவவும் நேரம் எடுக்கிறது. எங்கள் ஆட்களோ அப்ளிகேஷன் மட்டும் எழுதுகிறவர்கள். அவர்களுக்குச் சாதாரண எஸ்டிகேயே போதும். டெவ்டூல் வேலையை இமேஜ் கட்டும் கணினியில் நான் வைத்துக்கொண்டேன்.

வாங்கும் பொருளாக இருந்தால் விலை சொல்லலாம், இதற்குக் காசு கிடையாது. ஆனால் பராமரிப்பு உண்டு. இமேஜில் ஒரு லைப்ரரியை மாற்றிவிட்டு எஸ்டிகேயைப் புதுப்பிக்காமல் விட்டால், நாங்கள் தொடங்கிய அதே இடத்துக்குத் திரும்பிவிடுவோம். எஸ்டிகேயோடு டார்கெட் மேனிஃபெஸ்ட் என்று ஒரு சிறு கோப்பும் வெளிவரும். போர்டுக்கான ஒவ்வொரு பேக்கேஜும் அதன் பதிப்பும் அதில் வரிசையாக இருக்கும். இமேஜுக்கும் அதேபோல ஒரு மேனிஃபெஸ்ட் உண்டு. இரண்டையும் ஒப்பிட்டு, இமேஜில் இருக்கும் ஒவ்வொரு பேக்கேஜும் எஸ்டிகேயிலும் அதே பதிப்பில் இருக்கிறதா என்று பார்க்கும் பத்து வரி ஸ்கிரிப்ட் ஒன்றைத் தம்பியே எழுதினார். பொருந்தாவிட்டால் எங்கள் பில்ட் அங்கேயே நின்றுவிடும்.

கிர்க்ஸ்டோனுக்கு அறிவித்த ஆதரவுக் காலம் 2026 ஏப்ரல் வரைதான். அதனால் 2024 ஏப்ரலில் வந்த ஸ்கார்த்கேப்புக்கு மாறும் வேலையைத் தொடங்கியிருக்கிறோம். அதில் ஜிலிப்சி 2.39. முதல் எஸ்டிகேயை இந்த முறை தம்பியே கட்டினார். நேற்று அதை ஒரு பென்டிரைவில் போட்டு, இமேஜையும் இரண்டு மேனிஃபெஸ்ட்களையும் கூடவே வைத்து, தேதி எழுதி என் மேசையில் வைத்துவிட்டுப் போயிருந்தார்.