சோர்வுக்குக் குடல் பாக்டீரியா பரிசோதனையா? பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

எந்நேரமும் அசதியாக இருக்கிறவர்களைத் தேடிப்பிடித்து ஒரு விளம்பரம் வருகிறது. துளி மலம் அனுப்பினால் போதுமாம், சோர்வுக்குக் காரணம் எந்தப் பாக்டீரியா, எதைச் சாப்பிடலாம், எதைச் சாப்பிடக்கூடாது, எல்லாம் சொல்லிவிடுவார்களாம். நம்பி அனுப்பினேன். சிவப்பு வட்டத்துக்குள் ஒரு மட்டமான மதிப்பெண், "உங்களுக்கென்றே தயாரித்த" மாத்திரை டப்பா, தவிர்க்க வேண்டிய உணவுகளின் நீளப் பட்டியல் எல்லாம் வந்து சேர்ந்தன. எந்தத் தொந்தரவும் இல்லாத என் அக்காவுக்கும் அதே மாத்திரைதான் வந்தது என்பது தனிக் கதை.

மதிப்பெண் போட அளவுகோல் ஒன்று வேண்டுமே. ஆரோக்கியமான குடலில் எந்தப் பாக்டீரியா எவ்வளவு இருக்க வேண்டும் என்பதற்கு மருத்துவத்தில் இன்னும் ஒப்புக்கொண்ட கணக்கு கிடையாது. சாப்பாட்டைப் பெரிதாக மாற்றினால் சில நாட்களிலேயே பாக்டீரியாக்களின் கலவை மாறிவிடும், அதனால் மறுபரிசோதனையில் எண் ஏறியதைக் காட்டி மாத்திரை வேலை செய்கிறது என்று அவர்கள் சொன்னதற்கு ஒரு அர்த்தமும் இல்லை. மனித செல்களைவிடப் பத்து மடங்கு பாக்டீரியா நம் உடலில் இருப்பதாக அறிக்கையில் வேறு போட்டிருந்தார்கள். 2016-லேயே ஆய்வாளர்கள் அதைத் திருத்திவிட்டார்கள், சுமார் 30 டிரில்லியன் செல்லுக்கு 38 டிரில்லியன் பாக்டீரியா, கிட்டத்தட்ட சரிக்குச் சரி.

குடலுக்கும் சோர்வுக்கும் தொடர்பே இல்லை என்று சொல்லவில்லை. நாள்பட்ட சோர்வு நோய் உள்ளவர்களிடம் பியூட்டிரேட் என்ற கொழுப்பு அமிலத்தை உண்டாக்கும் பாக்டீரியாக்கள் குறைவாக இருப்பதை 2023-ல் வந்த ஆய்வுகள் காட்டின. ஆனால் அந்தக் குறைவால் நோய் வந்ததா, நோயால் குறைந்ததா என்பது முடிவாகவில்லை. பெருங்குடலின் உட்சுவர் செல்களுக்கு முக்கிய எரிபொருளே இந்த பியூட்டிரேட்தான், நாம் சாப்பிடும் நார்ச்சத்தைப் புளிக்கவைத்துத்தான் பாக்டீரியாக்கள் அதை உண்டாக்குகின்றன. இவர்கள் பட்டியலில் முதலில் அடித்தது எதைத் தெரியுமா? பருப்பு வகைகள், கோதுமை, முழு தானியங்கள்! பாக்டீரியாவைக் காப்பாற்றுகிறேன் என்று அதன் சோற்றிலேயே கை வைக்கிறார்கள்.

அந்தப் பட்டியல் வந்தது மலத்திலிருந்து அல்ல, கூடவே வாங்கிய விரல் நுனி ரத்தத்தில் செய்யும் ஐஜிஜி (ரத்தத்தில் உள்ள ஒரு வகை எதிர்ப்புப் புரதம்) பரிசோதனையிலிருந்து. வழக்கமாகச் சாப்பிடும் உணவுக்கு உடம்பு ஐஜிஜி உண்டாக்குவது இயல்பு, அது ஒவ்வாமைக்கு அடையாளம் இல்லை. அமெரிக்கா, கனடா, ஐரோப்பா ஒவ்வாமை மருத்துவச் சங்கங்கள் இதை வேண்டாம் என்றே சொல்லியிருக்கின்றன.

உண்மையான சிக்கல் மருத்துவரிடம் போனபோது வந்தது. கோதுமையில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் சிறுகுடலைக் கெடுக்கிற சீலியாக் நோயா என்று பார்க்க நினைத்தார். கோதுமையை நிறுத்தி ரொம்ப நாள் ஆகியிருந்தால் இருக்கிற நோயும் ரத்தத்தில் தெரியாமல் போகலாம் என்பதால், திரும்பவும் சில வாரம் கோதுமை சாப்பிட்டுவிட்டு வரச் சொன்னார். கடைசியில் சீலியாக் இல்லை, ஃபெரிட்டின்தான் தரைமட்டம், அதாவது இரும்புச் சத்து இருப்பு காலி. ஹீமோகுளோபின் சரியாக இருக்கும்போதே இப்படி ஆகுமாம். அப்புறம் யோசித்தால், மாதவிலக்கில் ரத்தப்போக்கு அதிகமா, தூக்கம் எப்படி, தைராய்டு பார்த்தீர்களா என்று அந்த நிறுவனம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டால், "இது நோய் கண்டறியும் பரிசோதனை அல்ல, பொதுவான நலத் தகவல் மட்டுமே" என்று விதிமுறையின் அடியில் இருக்கும் பொடி எழுத்தைக் காட்டுகிறார்கள். மாத்திரைச் சந்தா தானாகப் புதுப்பித்துக்கொள்கிறது, ஆப்பில் நிறுத்தும் பொத்தான் கண்ணில் படவே இல்லை, வங்கியில் சொல்லித்தான் நிறுத்தினேன். என் மாதிரியையும் விவரங்களையும் அழிக்கச் சொல்லி எழுதிய மின்னஞ்சலுக்கு இன்னும் பதில் இல்லை.