பழைய டீசல் பிக்கப்பில் 'பவர் பாக்ஸ்' மாட்டப் போகிறீர்களா? என் வண்டிக்கு நடந்ததைப் படித்துவிட்டுப் போங்கள்

பழைய காமன் ரெயில் டீசல் பிக்கப் வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பவரும் கூடும், மைலேஜும் ஏறும் என்று சொல்லி ஒரு கடையில் என் வண்டிக்கு மூன்று வேலை செய்தார்கள். டீசல் அழுத்தத்தை அளக்கும் ரெயில் பிரஷர் சென்சாருக்கும், எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான இசியுவுக்கும் நடுவில் ஒரு டியூனிங் பாக்ஸ் வைத்தார்கள், 'பவர் பாக்ஸ்' என்பது இதுதான். கம்பெனி ஏர் ஃபில்டர் பெட்டியை எடுத்துவிட்டு எண்ணெய் தடவிய கூம்பு ஃபில்டர் போட்டார்கள். டர்போ அழுத்தும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் புது சிலிக்கான் ஹோஸ் மாட்டினார்கள். அதற்கப்புறம் வந்த ஒவ்வொரு கோளாறுக்கும் அதே கடை சொன்ன காரணம் ஒன்றே ஒன்றுதான்: வண்டி பழசு. அதைச் சொல்லியே பார்ட் பார்ட்டாக விற்றார்கள். கடைசியில் பார்த்தால் பெரும்பாலான கோளாறு அவர்கள் மாட்டியதிலிருந்தே வந்திருக்கிறது. கடையின் பெயரைப் போடவில்லை. இதே மாதிரி வேலை பார்க்கிற கடைகள் வேறெங்கும் இருக்கலாம். எப்படி ஏமாற்றுகிறார்கள் என்பதுதான் தெரிய வேண்டியது.

முதலில் அந்தப் பாக்ஸ் என்ன செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன். காமன் ரெயில் வண்டியில் பம்ப் டீசலை அழுத்தி ஒரு கனமான குழாயில் சேர்த்து வைக்கும், அதுதான் ரெயில். வண்டி நின்றபடி எஞ்சின் ஓடும் ஐடிலில் சுமார் 300 பார் இருக்கும் (ஒரு பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்). முழு லோடில், பழைய வண்டிகளில் மாடலைப் பொறுத்து, 1350 முதல் 1800 பார் வரை போகும். ரெயிலில் இருக்கும் சென்சார் இந்த அழுத்தத்தை ஏறக்குறைய அரை வோல்ட்டிலிருந்து நாலரை வோல்ட் வரையிலான சிக்னலாக இசியுவுக்கு அனுப்பும். மலிவான டியூனிங் பாக்ஸ் நடுவில் உட்கார்ந்துகொண்டு அந்த வோல்டேஜைக் கொஞ்சம் குறைத்துச் சொல்லும். அழுத்தம் பத்தவில்லை என்று நினைத்து இசியு பம்பை இன்னும் தள்ளச் சொல்லும். ரெயிலில் அழுத்தம் ஏறும், டீசலை எஞ்சினுக்குள் பீய்ச்சும் இன்ஜெக்டர் திறக்கிற அதே நேரத்துக்குள் கூடுதல் டீசல் பாயும், பவர் வரும். பவர் வருவது பொய்யில்லை. ஆனால் 1800 பாரை நாலு வோல்ட் வீச்சில் காட்டும் சென்சாரில் 0.2 வோல்ட்டைக் குறைத்தாலே, இசியுவுக்குத் தெரியாமல் ரெயிலில் 90 பார் கூடுதலாக நிற்கும்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. பாக்ஸ் மாட்டியிருக்கும் வரை ஸ்கேனரில் தெரிகிற ரெயில் பிரஷரும் பொய் எண்தான். ஸ்கேனர் நேராக ரெயிலைப் பார்ப்பதில்லை. இசியு எதை நம்புகிறதோ அதைத்தான் காட்டும். இந்த ஒரு விஷயத்தை வைத்துத்தான் அந்தக் கடை என்னை அலைக்கழித்தது.

மாட்டிய கொஞ்ச நாளிலேயே காலையில் ஸ்டார்ட் செய்தால் எஞ்சின் தட்டுகிற சத்தம் முன்னைவிடக் கூடியிருந்தது. ஆக்சிலேட்டரை மிதித்தால் பின்னால் வருகிறவர் முகம் தெரியாத அளவுக்குக் கரும்புகை. கடைக்குக் கொண்டுபோனேன். ஸ்கேனரைச் செருகிவிட்டு, "நீங்களே பாருங்க சார், கேக்குற பிரஷரும் வர்ற பிரஷரும் ஒண்ணா இருக்கு. எங்க வேலை கிளீன். உங்க இன்ஜெக்டர்தான் பழசு, அதான் புகை" என்றார் அங்கிருந்தவர். பாக்ஸைக் கழற்றிவிட்டு ஒருமுறை ஓட்டிப் பார்க்கலாமே என்றேன். "கழட்டினா செட்டிங் எல்லாம் போயிரும் சார்."

அப்படி எதுவும் போகாது. ஒழுங்காகச் செய்த பாக்ஸ் என்றால் கம்பெனி கனெக்டரோடு செருகுகிற மாதிரியான வயரிங்கோடு வரும். உருவிவிட்டுப் பழைய கனெக்டரைச் சேர்த்தால் வண்டி பழைய நிலைக்கு வந்துவிடும். ஏன் கழற்ற மறுத்தார்கள் என்பது பின்னால்தான் தெரிந்தது. கனெக்டரே போடாமல், சென்சார் வயரை வெட்டி முறுக்கி, டேப் சுற்றி வைத்திருந்தார்கள். எஞ்சின் சூட்டில் அந்த டேப்பின் பசை இளகிப் பாதி பிரிந்து கிடந்தது. இதை என்னிடம் யாரும் சொல்லவில்லை, பில்லிலும் இல்லை.

டைனோ (வண்டியின் பவரை அளக்கிற இயந்திரம்) தாள் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது எல்லோருக்கும் உதவும். வேலை முடிந்ததும் மாட்டுவதற்கு முன், மாட்டிய பின் என்று இரண்டு கோடு போட்ட ஒரு தாளைக் கொடுத்தார்கள். பார்க்க அழகாக இருந்தது. டார்க்கும் (சுழற்றும் விசை) பவரும் தனித்தனியாக அளக்கிற சங்கதிகள் இல்லை. ஒன்று தெரிந்தால் மற்றது கணக்கில் வந்துவிடும். நியூட்டன் மீட்டரில் உள்ள டார்க்கை ஆர்பிஎம்மால் பெருக்கி 9549ஆல் வகுத்தால் கிலோவாட். 7024ஆல் வகுத்தால் மெட்ரிக் குதிரைத்திறன். எனக்குக் கொடுத்த தாளில் 3600 ஆர்பிஎம்மில் டார்க் 280 என்றும், அதே இடத்தில் பவர் 170 குதிரைத்திறன் என்றும் இருந்தது. கணக்குப் போட்டால் 143தான் வருகிறது. எந்த இயந்திரத்தில் ஓட்டினாலும் இந்த இரண்டு எண்ணும் ஒரே வண்டியில் ஒரே நேரத்தில் வராது. கோடு கம்ப்யூட்டரில் வரைந்தது. உங்களுக்கு யாராவது தாள் கொடுத்தால் போனை எடுத்து அங்கேயே பெருக்கிப் பாருங்கள், அரை நிமிட வேலை.

சரி, அடுத்த கட்டம். பாரம் ஏற்றிக்கொண்டு மேட்டில் போகும்போது செக் எஞ்சின் லைட் எரிந்து வண்டி லிம்ப் மோடுக்கு, அதாவது எஞ்சினைக் காக்க இசியு பவரைக் குறைக்கும் நிலைக்கு, போய்விட்டது. ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் ஊர்ந்தது. ஸ்கேனரில் வந்த எரர் கோடு பி0087. ரெயில் அழுத்தம் தேவைக்குக் கீழே இறங்கிவிட்டது என்று அர்த்தம். இவ்வளவு நாளும் 'பிரஷர் பக்கா' என்றவர்கள் இப்போது பம்புக்குள் போகும் டீசல் அளவைக் கட்டுப்படுத்தும் சக்ஷன் கன்ட்ரோல் வால்வு போய்விட்டது என்றார்கள். மாற்றினார்கள், டீசல் ஃபில்டரையும் மாற்றினார்கள், கோடை அழித்தார்கள். சமதளத்தில் வண்டி நன்றாகத்தான் ஓடியது. அடுத்த மேட்டில் மறுபடியும் அதே லைட். இப்போது நாலு இன்ஜெக்டரையும் மாற்றியாக வேண்டும் என்று எஸ்டிமேட் வந்தது. எந்தச் சோதனையை வைத்து நாலும் கெட்டது என்கிறீர்கள் என்று கேட்டால், "அனுபவம் சார்" என்று பதில். கோடு என்பது நோயின் பெயர் இல்லை, அறிகுறி மட்டும்தான். பி0087 வந்தால் அடைத்த ஃபில்டர், காற்று இழுக்கிற டீசல் லைன், தேய்ந்த பம்ப், ஒழுகுகிற இன்ஜெக்டர், ஒழுகுகிற லிமிட்டர் (ரெயிலில் அழுத்தம் எல்லை மீறாமல் காக்கும் வால்வு) என்று ஒரு வரிசையே இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் சோதனை உண்டு. அதில் ஒன்றைக்கூட அந்தக் கடை செய்யவில்லை.

அங்கிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு டீசல் பம்ப் வேலை மட்டுமே பார்க்கிற ஒரு பெரியவரிடம் போனேன். ஸ்கேனரைத் தொடுவதற்கு முன்னாலேயே, "தம்பி, வண்டி கம்பெனியில இருந்து எப்படி வந்துச்சோ அப்படி ஆக்கிட்டு வியாதியைத் தேடுவோம்" என்றார். வெட்டிய வயர்களை ஈயம் வைத்து ஒட்டி, மேலே சுருங்குகிற உறை போட்டு மூடினார். பாக்ஸ் என் கைக்கு வந்துவிட்டது.

அப்புறம் ஸ்கேனரை ரெக்கார்டில் போட்டுக்கொண்டு பாரத்தோடு ஓட்டினோம். இப்போது திரையில் தெரிந்தது நிஜ எண். இசியு 1500 பார் கேட்கிறது, 1100ஐ ஒட்டியே நின்றுவிடுகிறது. இன்ஜெக்டரின் ரிட்டர்ன் லைன்களில் சின்னச் சின்ன பாட்டில்களை மாட்டி எஞ்சினை ஓடவிட்டார். தேய்ந்த இன்ஜெக்டர் இருந்தால் அந்த பாட்டிலில் மட்டும் டீசல் அதிகம் சேரும். நாலிலும் கிட்டத்தட்ட ஒரே அளவு. மாற்றியாக வேண்டும் என்று எஸ்டிமேட் போட்ட நாலு இன்ஜெக்டரும் நன்றாகவே இருந்தன. அடுத்து ரெயிலின் பிரஷர் லிமிட்டரிலிருந்து டேங்குக்குத் திரும்பும் சின்ன ஹோஸைக் கழற்றி, அதன் கீழே ஒரு பாட்டிலை வைத்தார். அங்கே ஒரு சொட்டுகூட வரக்கூடாது. ஒழுகிக்கொண்டே இருந்தது.

லிமிட்டர் என்பது ஸ்பிரிங் வைத்த வால்வு. ரெயிலில் அழுத்தம் எல்லை மீறினால் திறந்து டீசலை வெளியே விட்டுக் குழாயைக் காப்பாற்றும். குக்கர் விசில் மாதிரிதான், ஆனால் விசில் போல அடிக்கடி திறப்பதற்குச் செய்ததில்லை. பலமுறை திறந்தால் பல வண்டிகளில் சரியாக மூடாது. பாக்ஸ் இசியுவிடம் பொய் சொல்லி அழுத்தத்தை ஏற்ற ஏற்ற, மேட்டில் ஏறும் ஒவ்வொரு தடவையும் இது திறந்திருக்கும் என்பது பெரியவரின் கணிப்பு. எனக்கும் அதுவே சரியென்று படுகிறது, ஏனென்றால் வேறெந்த பாகத்திலும் குறை கிடைக்கவில்லை. லிமிட்டரை மாற்றினோம். லிம்ப் மோட் போனது, தட்டுகிற சத்தம் பழைய அளவுக்கு இறங்கியது, புகையும் நின்றது. கடைக்காரர் மாற்றிய சக்ஷன் கன்ட்ரோல் வால்வு உண்மையிலேயே கெட்டிருந்ததா என்று இப்போது பார்க்க வழியில்லை. கழற்றிய பழைய வால்வைத் திருப்பித் தரவில்லை, "குப்பையில போட்டாச்சு" என்றார்கள்.

இந்தச் சோதனைகளை வீட்டிலேயே செய்து பார்க்கலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று: ரிட்டர்ன் லைன் வேறு, ஹை பிரஷர் பைப் வேறு. எஞ்சின் ஓடும்போது ஹை பிரஷர் பைப் நட்டைத் தளர்த்தாதீர்கள், கசிவைக் கையால் தடவிப் பார்க்காதீர்கள். அந்த அழுத்தத்தில் வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே பார்க்கச் சின்ன ஓட்டையாகத்தான் தெரியும், ஆனால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகாவிட்டால் விரலை எடுக்க வேண்டிய நிலைகூட வரும்.

புகை நின்றாலும் முழு இழுவை திரும்பவில்லை. அது அந்தக் கூம்பு ஃபில்டரின் வேலை. ஏர்ஃப்ளோ சென்சார் தன்னைத் தொட்டுப் போகிற காற்றை மட்டும் அளந்து, குழாயின் குறுக்களவை வைத்து மொத்தக் காற்றை இசியு கணக்கிடுகிறது. கம்பெனிக் குழாய் 70 மில்லிமீட்டர். கடைக்காரர்கள் சென்சாரை 76 மில்லிமீட்டர் குழாய்க்கு மாற்றியிருந்தார்கள். பரப்பு 18 சதவீதம் கூடுகிறது. அதே அளவு காற்று மெதுவாகப் போகிறது. காற்று குறைவு என்று இசியு நினைக்கிறது, புகை வராமலிருக்க டீசலைக் குறைக்கிறது. போதாததற்கு ஃபில்டரில் தாராளமாகத் தடவிய எண்ணெய் சென்சார் கம்பியில் படிந்து அளவை இன்னும் இறக்கியது. பவர் கூட்ட மாட்டிய சாமான் பவரைக் குறைத்துக்கொண்டிருந்தது. பாக்ஸ் இருந்தவரை இது வெளியே தெரியவில்லை, அவ்வளவுதான். சென்சாரை அதற்கென்றே விற்கிற ஸ்ப்ரேயால் கழுவினோம் (கார்புரேட்டர் கிளீனர் அடித்தால் சென்சாரே போய்விடும்). கம்பெனி ஏர் ஃபில்டர் பெட்டி என்னிடம் இல்லை, அதையும் கடை தரவில்லை. பழைய வண்டி உடைக்கிற இடத்தில் ஒன்றைத் தேடிப் பிடித்துப் போட்டதும் இழுவை வந்தது.

சிலிக்கான் ஹோஸ் கதை சின்னது. ஸ்க்ரூ திருகி இறுக்கும் சாதாரண வார்ம் கிளாம்ப்பை இறுக்கு இறுக்கென்று இறுக்கி ஹோஸையே வெட்டியிருந்தார்கள். பூஸ்ட் (டர்போ தள்ளும் காற்றின் அழுத்தம்) ஏறும்போது உஸ் என்ற சத்தம், ஜாயின்ட்டைச் சுற்றி எண்ணெய் ஈரம். ஹோஸை மாற்றி, சுற்றிலும் சீராக இறுக்கும் டி-போல்ட் கிளாம்ப் போட்டோம், முடிந்தது.

ரெக்கார்டிங், பாட்டில் படங்கள், வெட்டிய வயரின் படம், டைனோ தாளின் கணக்கு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு அந்தக் கடைக்குப் போனேன். கணக்கைக் காட்டியதும் "அது சாம்பிள் ஷீட் சார்" என்றார்கள். என் வண்டி நம்பர் அச்சடித்த சாம்பிள்! பணத்தைக் கேட்டதற்கு, வெளியே கை வைத்த வண்டிக்கு வாரண்டி கிடையாது என்றார்கள். எழுத்தில் புகார் கொடுத்திருக்கிறேன், பதில் இன்னும் இல்லை.

இப்படி ஒரு கடைக்குப் போயே ஆக வேண்டுமென்றால், மாட்டுவதற்கு முன்னால் உங்கள் வண்டியை பாரத்தோடு ஓட்டி ரெயில் பிரஷர், பூஸ்ட், காற்றளவு மூன்றையும் ரெக்கார்ட் எடுத்து உங்கள் போனில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஒப்பிட அது ஒன்றுதான் இருக்கும். வயர் வெட்ட மாட்டோம் என்று பில்லில் எழுதி வாங்குங்கள். கழற்றுகிற ஒவ்வொரு பாகத்தையும் அங்கேயே வாங்கி வண்டியில் போட்டுக்கொள்ளுங்கள், கிழிந்த ஹோஸாக இருந்தாலும் சரி. கோளாறு வந்தபின் மாட்டியதைக் கழற்றிப் பார்க்க மறுக்கிற கடையில் அடுத்த பார்ட்டுக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள்.

இன்னும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. டாப் கியரில் மேடு ஏறும்போது ஆர்பிஎம் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை, கிளட்ச் வழுக்குகிறது. பாக்ஸ் இருந்தபோது வந்த கூடுதல் டார்க்கை அந்தப் பழைய கிளட்ச் எத்தனை நாள் தாங்கியிருக்கும்? கியர் பாக்ஸை இறக்கிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். பிளேட்டின் படம் வந்ததும் கீழே சேர்க்கிறேன்.