தலையணைமேல் துண்டு விரிக்கச் சொன்ன மருத்துவர்

பள்ளத்தூரிலிருந்து, மனச்சிதைவு நோயால் காதில் இல்லாத குரல் கேட்கிற என் தம்பியைக் காரைக்குடியில் உள்ள ஒரு மனநல மருத்துவமனைக்கு இரண்டு வருடமாக அழைத்துப்போகிறேன். பஸ்ஸில் சொந்தக்காரர்கள் எதிர்ப்பட்டால் பல் வைத்தியத்துக்குப் போகிறோம் என்று சொல்லிவிடுவேன். இரண்டு வருடமாகப் பல் வைத்தியம்!

முன்பு காட்டிய இடத்தில் மருத்துவர் என்னிடம் மட்டும்தான் பேசுவார். தம்பி பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருப்பான். இந்த மருத்துவரோ முதல் நாளே, "தம்பி, குரல் என்ன சொல்கிறது?" என்று அவனையே கேட்டார். மாதக்கணக்கில் வீட்டின் இரண்டாங்கட்டை விட்டு வெளியே வராதவன் வாய் திறந்தான். "பெரியப்பா சோற்றில் விஷம் வைத்திருக்கிறேன் என்கிறார்." பெரியப்பா இறந்து ஆறு வருடமாகிறது. மருத்துவர் சிரிக்கவில்லை, மறுக்கவும் இல்லை. "அப்படியென்றால் சாப்பிட உட்காரவே பயமாக இருக்குமே" என்றார்.

ஏற்கெனவே இரண்டு மருந்துகள் கேட்கவில்லை என்பதால் குளோசபின் என்ற மருந்தைத் தொடங்கினார். 12.5 மில்லிகிராமில் ஆரம்பித்து மெல்ல மெல்ல ஏற்றினார். வெள்ளை அணுக்கள் குறைந்துவிடலாம் என்று முதல் 18 வாரமும் வாரந்தோறும் இரத்தப் பரிசோதனை. காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால் உடனே வரச் சொன்னார். இரவில் எச்சில் வழியும், தலையணைமேல் துண்டு விரியுங்கள். மலச்சிக்கலை அலட்சியம் செய்யாதீர்கள். பீடியை விட்டால் நல்லது, ஆனால் விடுமுன் என்னிடம் சொல்லுங்கள், புகை நின்றால் இரத்தத்தில் மருந்தின் அளவு கூடிவிடும் என்றார். இதெல்லாம் எந்தச் சீட்டிலும் எழுதி வராத விஷயங்கள்.

குறைகளும் உண்டு. பத்து மணி டோக்கனுக்கு ஒரு மணிக்குக் கூப்பிடுகிறார்கள். காத்திருக்கும் கூடத்தில் செய்திச் சேனல் அலறுகிறது. காதில் ஏற்கெனவே குரல் கேட்கிறவர்களை உட்கார வைக்கிற இடத்தில்! உடம்பு ஊதுகிறதே என்றதற்குக் கொடுத்த உணவுப் பட்டியலில் ஓட்ஸ் இருக்கிறது. பால் பணியாரத்துக்கு ஒரு வார்த்தை இல்லை. அப்பத்தா அந்தத் தாளை மடித்து அஞ்சறைப் பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டார். தம்பி பதினோரு கிலோ கூடிவிட்டான்.

2024 செப்டம்பரில் இந்த நோய்க்கு அமெரிக்கா அனுமதித்த சனோமெலின்-ட்ரோஸ்பியம் என்ற புது மருந்தைப் பற்றிப் படித்துவிட்டு ஆசையாகக் கேட்டேன். 1950களிலிருந்து வந்த மருந்துகள் மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளின் ஏற்பிகளை அடைத்து வேலை செய்ய, இது மஸ்கரினிக் என்ற வேறு வகை ஏற்பிகள் வழியாகப் போகிறது என்று படம் வரைந்தே விளக்கினார். "புது வழிதான். அதற்காக, குளோசபினில் நிலைக்கு வந்தவனைக் கலைத்துப் பார்க்க மாட்டேன்" என்றார். எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

குரல் முழுதாக நிற்கவில்லை. போன மாதம் மருத்துவர் கேட்டபோது தம்பி சொன்னான்: "பெரியப்பா பேசிக்கொண்டுதான் இருக்கிறார். நான் சாப்பிட்டுக்கொண்டே கேட்கிறேன்."