ஆண்கள் குழுவுக்கான ‘ஈமாப்’ கைந்நூல்: வன்னிக்குச் சரிவருமா?

அகதிகள், இடம்பெயர்ந்தோர் நடுவே பெண்கள் மீதான வன்முறையைத் தடுக்க, ஆண்களோடு வேலை செய்வதற்கென்று ஐ.ஆர்.சி. (சர்வதேச மீட்புக் குழு) என்ற தொண்டு நிறுவனம் தயாரித்த பயிற்சிக் கைந்நூல்தான் ‘ஈமாப்’ (EMAP). போர் முடிவில் வவுனியா மெனிக்பாம் முகாமில் இருந்த குடும்பங்களும் தமிழ்நாட்டு முகாம்களிலிருந்து திரும்பியவர்களும் கலந்திருக்கும் வன்னிக் கிராமங்களில் நடத்தலாமா என்றால், நடத்தலாம். ஆனால் அப்படியே தூக்கி வைக்க முடியாது.

இதன் பலம் ஒழுங்கில் இருக்கிறது. முதல் 8 கிழமை பெண்கள் குழுதான் கூடும். ஆண்களிடம் எது மாறவேண்டும் என்று அவர்கள் சொன்ன பிறகே ஆண்களின் 16 கிழமை. திட்டக்காலம் போதாதென்று முதற்பகுதியை வெட்டினால், ஆண்கள் கூடித் தங்கள் கஷ்டத்தைப் பேசிவிட்டுக் கலைவார்கள்.

“வெறியிலதான் கை நீளுது” என்று யாராவது ஒருவர் சொல்லுவார். அந்த இடத்தில் நடத்துநர் கசிப்பின் (கள்ளச்சாராயத்தின்) கேட்டைப் பற்றிப் பிரசங்கம் வைத்தால் அமர்வு கெட்டது. “வெறியில பொலிஸ் ஓ.ஐ.சி.க்கு அடிச்சனீங்களோ அண்ணை?” என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருக்கவேண்டும். ஆள் பார்த்துத்தான் அடி விழுகிறதென்பது அவர்கள் வாயாலேயே வரும்.

நாள் குறிப்பதில் கவனம். ஐப்பசி விதைப்பிலும் தை, மாசி அறுவடையிலும் கதிரைகள் வெறுமையாகக் கிடக்கும். பங்குனியில் தொடங்குவது நல்லது. முல்லைத்தீவுப் பக்கமென்றால் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கல் கிழமையை விட்டுவிடுங்கள். கரையோரத்தில் கடற்றொழிலாளர் சங்கத்தைக் கேட்டு நாள் வையுங்கள்.

நூல் வளர்ந்த ஆண்களுக்கானது. பெடியளைத் தகப்பன்மாரோடு இருத்தினால் வாயே திறக்கமாட்டார்கள். அவர்களுக்கு வேறு குழு, வேறு பாடம் வேண்டும்.

அடிபடும் பெண்ணை உதவிக்கு எங்கே அனுப்புவது என்பதை நீங்கள்தான் நிரப்பவேண்டும், அதுவும் முதல் அமர்வுக்கு முன்பே: 1938 என்ற மகளிர் உதவித் தொலைபேசி இலக்கம், அரச வைத்தியசாலையில் வன்முறைக்கு உள்ளானவர்களைக் கவனிக்கும் நட்பு நிலையம், பிரதேச செயலக மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தர். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் 12 மாதம் வரை பாதுகாப்புக் கட்டளை தரலாம். மனிசியைக் குழுவுக்குக் கூப்பிட்டுச் சமாதானம் பேசும் வேலை மட்டும் வேண்டாம். வீட்டுக்குப் போனபின் அடி அவளுக்குத்தான்.

விளைவு? கிழக்குக் கொங்கோவில் நடந்த பரிசோதனையில் ஆண்களின் எண்ணம் மாறியது, வீட்டுவேலையில் பங்கும் கூடியது. பெண்கள் சொன்ன வன்முறை குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. ஆகவே வரவு இடாப்பையும், ஒருநாள் சோறு காய்ச்சினவருக்கு விழுந்த கைதட்டலையும் வெற்றியென்று எழுதாதீர்கள். பெண்கள் குழுவைத் தனியே கேட்டு, அவர்கள் சொல்வதை எழுதுங்கள்.