மாஃப் கிளீனிங்கா, ஸ்மோக் டெஸ்ட்டா?

ஹைப்ரிட் கார்ல பி0171 கோட் (எஞ்சினுக்குள்ள பெட்ரோலுக்கு காத்து கூடன்னு சொல்ற ஃபால்ட் கோட்) எத்தனை தரம் அழிச்சாலும் திரும்ப வருதுன்னா கராஜ்ல ரெண்டு வழி சொல்லுவாங்க, மாஃப் சென்சரை (எஞ்சினுக்கு போற காத்தை அளக்கிறது) கிளீன் பண்ணுங்க, இல்லாட்டி ஸ்மோக் டெஸ்ட் (புகையை உள்ள ஏத்தி கசிவு தேடுறது) போடுங்க.

மாஃப் கிளீனிங் லேசு. சென்சரை கழட்டி அதுக்குன்னே விக்கிற ஸ்ப்ரேயை அடிச்சு நல்லா காயவிட்டு பூட்டினா சரி, உள்ள இருக்கிற மெல்லிய வயரை மட்டும் விரலால தொட்டுறாதீங்க. ஆனா தூசி படிஞ்சு சென்சர் காத்தை குறைச்சு காட்டினாத்தான் இது வேலை செய்யும்.

ஸ்மோக் டெஸ்ட்டுக்கு காசு கூட, மெஷின் இருக்கிற இடமும் தேடணும், ஆனா பிசிவி ஹோஸ் (எஞ்சினுக்குள்ள சேர்ற வாயுவை திரும்ப காத்து போற வழிக்கு கொண்டு போற குழாய்) வெடிப்போ இன்டேக் மேனிஃபோல்ட் கேஸ்கட் கசிவோ புகை வர்ற இடத்துல கண்ணுக்கே தெரியும்.

எதை முதல்ல செய்யுறதுன்னு ஃபுவல் ட்ரிம் சொல்லும், அதாவது எஞ்சின் கம்ப்யூட்டர் பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டிக் குறைக்குதுன்னு ஸ்கேனர்ல காட்டுற கணக்கு. ஐடில்ல +20% மாதிரி நின்னு 2500 ஆர்பிஎம்ல நல்லா இறங்கினா எங்கயோ காத்து இழுக்குது, நேரா ஸ்மோக் டெஸ்ட். லோட் கூடக்கூட ஏறினா மாஃப், அதுலயும் சரிவராட்டி ஃபுவல் ப்ரஷர் பாருங்க. ஹைப்ரிட்ல சிக்கல் என்னன்னா நிக்கும்போது எஞ்சின் ஓஃப் ஆயிடும், ட்ரிம் வாசிக்கவே ஏலாது, அதால பிரியஸ், அக்குவான்னா மெயின்டனன்ஸ் மோட்ல போட்டு எஞ்சினை ஓடவிட்டுத்தான் பாக்கணும், இதை செய்யாத கராஜை நான் நம்பமாட்டேன்.

தயவுசெய்து இதெல்லாம் பாக்காம கொழும்பு பஞ்சிகாவத்தை ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளுக்கு ஓடி ஓக்சிஜன் சென்சர் வாங்காதீங்க, காத்து கூடன்னு அது காட்டுறது பெரும்பாலும் உண்மைதான்.