கடிபட்ட கினி பிக்கிற்கு எது நல்லது: உப்புநீரா, பீட்டாடினா, மஞ்சளா?

கடிகாயத்துக்கு என்ன போடலாம் என்று எங்கள் தண்டையார்பேட்டைத் தெருவில் கேட்டால் மூன்று பதில்கள் உடனே வரும்: மஞ்சள், டெட்டால், மெடிக்கல் ஷாப்பில் விற்கும் ஆன்டிபயாடிக் பவுடர். மனிதருக்கும் நாய்க்கும் சொல்லிப் பழகிய பதில்கள் இவை. வீட்டில் வளர்க்கும் கொறிவிலங்குகளான இரண்டு ஆண் கினி பிக்குகள் சண்டையிட்டு ஒன்றின் முதுகில் பல் பதிந்தபோது, மூன்றையும் ஒதுக்கிவிட்டு நான் எடுத்தது நார்மல் சலைன். வெறும் 0.9 சதவீத உப்புநீர். துணைக்குப் பீட்டாடின் என்ற அயோடின் கிருமிநாசினி. எனவே இந்த அலசல் நடுநிலையானது அல்ல.

எதைப் போடுவதாக இருந்தாலும் முதலில் ரத்தம் நிற்க வேண்டும். சுத்தமான துணியை வைத்துச் சில நிமிடங்கள் விடாமல் அழுத்திப் பிடிக்கலாம். நகம் பிய்ந்திருந்தால் சோள மாவைத் தொட்டு அழுத்தலாம். கினி பிக்கைவிடச் சிறிய கொறிவிலங்கான, 120 கிராம் எடையுள்ள ஹாம்ஸ்டரின் உடலில் இருக்கும் மொத்த ரத்தமே 9 மில்லி அளவுதான், இரண்டு டீஸ்பூன்கூட இல்லை. தரையில் சிந்திய சொட்டுகளைப் பார்த்து ‘கொஞ்சம்தானே’ என்று நினைக்கக் கூடாது.

டெட்டாலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அதிலுள்ள குளோராக்சிலெனால் ஃபீனால் வகையைச் சேர்ந்தது. திறந்த சதையை எரிக்கும். ஹைட்ரஜன் பெராக்சைடு நுரைப்பதைப் பார்க்கத் திருப்தியாக இருக்கும், ஆனால் கிருமியோடு சேர்த்துப் புதிதாக வளரும் திசுவையும் அழிக்கும். இரண்டும் வேண்டாம்.

மஞ்சளுக்கு வாக்களித்தவர் என் மாமியார். மஞ்சளில் ஆறாத புண் உண்டா என்று கேட்டார். எதிர்த்துப் பேச எனக்குத் துணிவில்லை. என் தயக்கம் மஞ்சளின் குணத்தைப் பற்றியது அல்ல, சமையலறை டப்பாவைப் பற்றியது. தினமும் கரண்டி போய் வரும் பொடி, காயத்துக்குள் போடும் அளவுக்குச் சுத்தமானதல்ல. அடர்ந்த ரோமத்தில் அது கட்டியாகக் காய்ந்து ஒட்டிக்கொள்ளும். அதைப் பிய்த்தால் பொருக்கும் சேர்ந்து வரும்.

இனி, என் முடிவைத் தீர்மானித்த விஷயத்துக்கு வருகிறேன்: இந்தப் பிராணிகள் காயத்தை நக்கும். தடவிய பத்தாவது நிமிடத்தில் மருந்து வயிற்றில் இருக்கும். எலி, ஹாம்ஸ்டர், கினி பிக் எதற்குமே வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது போனதுதான். ஆகவே காயத்துக்கு என்ன போடுகிறோம் என்பதைவிட, வாய்வழியாக எதைக் கொடுக்கிறோம் என்பதுதான் சரியான கேள்வி. அப்படிக் கேட்டவுடன் ஆன்டிபயாடிக் பவுடரும் ஆயின்ட்மென்ட்டும் பட்டியலின் அடிக்குப் போய்விடுகின்றன. நம் கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பவை நியோமைசினும் பாசிட்ராசினும் கலந்தவை. கினி பிக், ஹாம்ஸ்டர் ஆகியவற்றின் குடலில் செரிமானத்தை நடத்தும் நல்ல பாக்டீரியாக்களைப் பாசிட்ராசின் அழித்துவிடக்கூடும். அந்த இடத்தில் கிளாஸ்ட்ரிடியம் வகைக் கெட்ட பாக்டீரியா பெருகி நச்சைச் சுரக்கும். கழிச்சல் கண்டு சில நாட்களில் உயிரே போகலாம். பெனிசிலின், ஆம்பிசிலின், அமாக்சிசிலின் ஆகியவற்றை வாய்வழியாகக் கொடுத்தாலும் இதே ஆபத்துதான். முதுகுக் காயம் ஆறியிருக்கும், பிராணி இருக்காது. மேலே பூசும் க்ரீம் எண்ணெய்ப் பிசுக்காக இருந்தால் இன்னும் அதிகமாக நக்கும் என்பதும் உண்டு. சலைனை நக்கினால் உள்ளே போவது கொஞ்சம் உப்புத் தண்ணீர், அவ்வளவுதான்.

சலைனின் குறை வெளிப்படை: அது கிருமியைக் கொல்லாது, அழுக்கை அடித்துக்கொண்டு போகும். ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்து மெதுவாகப் பீய்ச்ச வேண்டும். புட்டியைத் திறந்தால் ஒரு நாளைக்குமேல் வைத்திருக்கக் கூடாது. வீட்டிலேயே செய்வதென்றால், கொதிக்க வைத்து ஆறிய கால் லிட்டர் தண்ணீருக்கு அரை டீஸ்பூனுக்குச் சற்றுக் குறைவாகத் தூள் உப்பு. லாரித் தண்ணீரோ கேன் தண்ணீரோ, கொதிக்க வைப்பதைத் தவிர்க்கக் கூடாது.

பல் ஆழமாக இறங்கிய இடத்தில் சலைனுக்குப் பிறகு பீட்டாடின் வைத்தேன். லேசான டீ நிறத்துக்கு வரும்வரை தண்ணீர் கலந்து, ஐந்து நிமிடம் பிராணியைக் கையிலேயே பிடித்திருந்து, மறுபடி சலைனால் கழுவிவிட்டு. அதே பெயரில் வரும் ஸ்க்ரப்பில் சோப்பு உண்டு, அது வேண்டாம். காயம் ஆறியது. பீட்டாடின் இல்லாமலும் ஆறியிருக்குமா என்று என்னால் சொல்ல முடியாது. ஒரே பிராணியில் இரண்டையும் சோதிக்க முடியாதே. கண்ணில் பட்ட காயம், முறிந்த கால் இரண்டிலும் எனக்கு அனுபவமில்லை.

கட்டுப் போடவில்லை, கடித்துத் துண்டாக்கிவிடும். மரத்தூளை எடுத்துவிட்டு வெள்ளைத் துணி விரித்தேன், கசிவு உடனே தெரியும். கினி பிக்கின் உடல் வைட்டமின் சி-யைத் தானே தயாரித்துக்கொள்ளாது. அது குறைந்தால் புண் ஆறத் தாமதமாகும் என்பதால் தினம் ஒரு துண்டு குடைமிளகாய். அடிபட்ட பிராணிக்குக் கதகதப்பு வேண்டும் என்று எங்கும் சொல்வார்கள். நம் ஊர் மே மாதத்தில் அந்த அறிவுரையை மறந்துவிடலாம். 30 டிகிரியைத் தாண்டினால் கினி பிக்கிற்கு வெப்பமே எமன்.

பூனை கடித்திருந்தால் மட்டும் இந்த ஒப்பீடு எதுவும் பொருந்தாது. மேலே ஊசித் துளைபோலத் தெரிவது உள்ளே சீழ் பிடிக்கும். அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். சாப்பிடுவதை நிறுத்தினாலும் அப்படியே. எங்களுக்கு வேப்பேரி பக்கம்தான். 1903-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை அங்கே இருக்கிறது. போகும்போது அட்டைப் பெட்டியில் புல்லையும் சேர்த்து வையுங்கள், வழியில் பட்டினி போடக் கூடாது. எந்த மருத்துவராக இருந்தாலும் சீட்டில் அமாக்சிசிலின் கண்ணில் பட்டால், “டாக்டர், இது கினி பிக், நாய்க்குட்டி இல்லை” என்று தயங்காமல் இன்னொரு முறை சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள்.